பழைய வாசகசாலையைக் காப்பாற்ற முதல் செலவு எதற்கு?

உங்கள் கேள்வியை என் சொற்களில் சுருக்கிக்கொள்கிறேன். காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூர். 1930களில் தொடங்கிய வாசகசாலை, ஏறத்தாழ 6,000 நூல்கள், அவற்றுள் சில நூறு 1900க்கு முற்பட்டவை, பரணில் நான்கு கட்டு ஓலைச்சுவடி. தாள்கள் பழுப்பேறி நொறுங்குகின்றன, பூச்சி அரிக்கிறது, சென்ற மழையில் வடக்குச் சுவர் ஓதம் கண்டுவிட்டது. அறக்கட்டளை ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தரும். நொறுங்கும் நூல்களை லேமினேஷன் செய்யலாம் என்கிறார் ஒருவர். அலமாரிதோறும் அந்துருண்டை போடலாம் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். "எந்த மருந்து நல்லது?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, இந்தக் காசில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடலாம், எதை இழந்தால் திரும்பக் கிடைக்காது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் நூலகவியல் படித்தவன். இருபத்தாறு ஆண்டுகள் நூலகங்களில் நூல் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். வேதியியல் ஆய்வாளன் அல்லன். உங்கள் கட்டடத்தையும் நான் பார்த்ததில்லை. ஆகவே பொதுவாக உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகவும், நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதை அப்படியேயும் குறிப்பிடுகிறேன்.

முதலில் தாள் ஏன் நொறுங்குகிறது என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் பழந்துணியிலிருந்து தாள் செய்தார்கள். பிறகு மரக்கூழ் வந்தது. மை ஊறிப் பரவாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியப் பிசினும் கலந்தார்கள். அந்தப் படிகாரம் தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கி, நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். இதில் ஐயத்துக்கு இடமில்லை. 1860இல் அச்சான நூல் வெள்ளையாகவும், போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டில் 1940களில் அச்சான நூல் அப்பளம் போலவும் உங்கள் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். வயதை வைத்து நூலின் நிலையைக் கணிக்காதீர்கள். அமிலத்தை நடுநிலையாக்கும் முறைகள் உண்டு. அவை மேற்கொண்டு சிதைவதைத் தாமதப்படுத்துமே தவிர, ஏற்கெனவே நொறுங்கிய தாளுக்கு வலுவைத் திருப்பித் தரமாட்டா. உங்கள் அளவிலான வாசகசாலை அந்தச் செலவில் இறங்க வேண்டியதில்லை.

அப்படியானால் செய்ய முடிந்தது என்ன? வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் தாளின் ஆயுள் இரட்டிக்கும் என்று தோராயமாகச் சொல்வார்கள். தஞ்சைப் பக்கத்து மே மாதத்தில் அது உங்கள் கையில் இல்லை. ஈரம் ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே என் கணக்கில் உங்கள் முதல் லட்ச ரூபாய் நூல்களுக்குப் போகக்கூடாது. மேல்தள விரிசல், மழைநீர் வடிகுழாய், அந்த வடக்குச் சுவரின் வெளிப்பூச்சு ஆகியவற்றுக்குப் போகவேண்டும். கொத்தனாருக்குக் கொடுக்கும் காசை நூல் பாதுகாப்புச் செலவாகக் கணக்கெழுத அறக்கட்டளைக்காரர்கள் தயங்குவார்கள். அவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி என்பது என் அனுபவம்.

கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மானிகள் இரண்டு வாங்குங்கள். மலிவான மானி பொய் சொல்லும், அதனால் முதலில் அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரையாமல் ஈரமணல் போலக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத உறைக்குள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். மானி 69 காட்டினால், ஆறைக் கூட்டிப் படிக்க வேண்டும் என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு ஒன்றை அறையின் நடுவிலும், மற்றதை வடக்குச் சுவரை ஒட்டிய அலமாரியின் பின்புறத்திலும் வைத்து, காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தாலே, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடவேண்டும் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். அடித்தட்டு தரையிலிருந்து குறைந்தது அரையடி உயரத்தில் இருக்கட்டும்.

குளிர்சாதனக் கருவி வாங்கித்தர யாராவது முன்வந்தால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் பணியாற்றிய ஒரு நூலகத்தில் அரிய நூல்கள் அறைக்குக் குளிர்சாதனம் போட்டு, ஜன்னல்களை நிரந்தரமாக அடைத்தோம். மின்கட்டணத்துக்கு அஞ்சிக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை மட்டும் ஓட்டினோம். இரவில் குளிர்ந்து கிடந்த அட்டைகள் மேல் வெளியின் ஈரக்காற்று கசிந்து படியும் என்பதை நான் உட்பட யாரும் யோசிக்கவில்லை. ஒரு விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது, காலிகோத் துணி ஒட்டிய அட்டைகளின் மேல் சாம்பல் பூத்தாற்போலப் பூஞ்சணம். அதற்கு முன் நாற்பது ஆண்டுகள் மின்விசிறியும் எதிரெதிர் ஜன்னலுமாக இருந்த அறையில் அப்படி நேர்ந்ததில்லை. நாள் முழுவதும் ஓட்ட வசதியில்லாத இடத்தில் குளிர்சாதனத்தைவிடக் காற்றோட்டமே மேல்.

இனிப் பூச்சி. இதில் எல்லோரும் தடுமாறுவதற்குக் காரணம், எல்லாவற்றையும் "பூச்சி" என்ற ஒரே சொல்லால் சொல்வதுதான். இராமபாணம் என்ற பெயரையே சிலர் வெள்ளிப்பூச்சிக்கும், சிலர் துளைக்கும் புழுவுக்கும் சொல்கிறார்கள். அம்பு பாய்ந்தாற்போல ஏட்டை ஊடுருவித் துளையிடுவது சிறு வண்டு ஒன்றின் புழு. வெள்ளிப்பூச்சி துளைக்காது, பசையும் மாவும் இருக்கிற மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும், ஈரம் குறைந்தால் தானே குறைந்துவிடும். தாளுக்கு நடுவே ஓடும் பொடிப் பேன் போன்றவை பூஞ்சணத்தை மேய வருபவை. அவற்றைக் கண்டால் அங்கே ஓதம் இருக்கிறது என்று பொருள். கரையானோ மண்ணிலிருந்து ஏறி வருவது. அதற்கு மருந்து கட்டடத்தின் அடித்தளத்தைச் சுற்றி, தெரிந்தவர்களைக் கொண்டு செலுத்த வேண்டியது. புத்தகத்தின் மேல் தெளிப்பதால் ஒரு பயனும் இல்லை.

துளையைப் பார்த்தவுடன் பதறவும் வேண்டாம். அந்தத் துளை ஐம்பது ஆண்டுக்கு முந்தியதாகவும் இருக்கலாம். ஐயத்துக்குரிய நூலை வெள்ளைத்தாளின் மேல் மெல்லத் தட்டி, உதிரும் தூளைத் துடைத்துவிட்டு, புதிய வெள்ளைத்தாளில் தேதியைப் பென்சிலால் எழுதி அதன்மேல் நூலைக் கிடத்தி வையுங்கள். பத்து நாள் கழித்து எடுத்துப் பார்க்கும்போது வெளிர்நிறத்தில் மெல்லிய மாவு விழுந்திருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. தாள் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் அது பழைய சேதம். பருவத்தைப் பொறுத்துப் புழு அடங்கிக் கிடக்கவும் கூடும் என்பதால், இன்னும் இருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கரையானுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. சுவரில் ஏறும் மண்குழாயை இரண்டு விரற்கடை அளவுக்கு உடைத்து வையுங்கள். இரண்டொரு நாளில் ஈரமண்ணால் அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

உயிருள்ள புழு இருக்கும் நூல்களுக்கு நான் நம்பும் வழி குளிர்வித்தல். ஐஸ்கிரீம் கடைகளில் இருக்கும் டீப் ஃப்ரீசர் போதும். நூலைத் தடித்த பாலித்தீன் உறையில் காற்றை இயன்றவரை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு முழுநாள் உறையைப் பிரிக்காமல் விட்டுவிட வேண்டும். பிரித்தால் பனி நேரே தாளில் இறங்கும். முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். பூஞ்சணம் சாகாது, தூங்கும். ஓலைச்சுவடிகளையும் பழைய புகைப்படங்களையும் நிபுணரைக் கேட்காமல் இதில் வைக்காதீர்கள்.

அந்துருண்டை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதிலுள்ள நாஃப்தலீன் பூச்சியை ஓரளவு விலக்குமே தவிர, உள்ளிருக்கும் புழுவைக் கொல்வதில்லை. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைச் சேர்த்திருக்கிறது. ஒரு சின்ன அறையில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கப் போகிறவர் உங்கள் நூலகர். நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நூலறையில் வைக்கலாம் என்று ஊரில் யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து அன்றே தடுத்துவிடுங்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும்.

வசம்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணி முடிப்பாக வைப்பது தஞ்சை சரசுவதி மகால் வழக்கம் என்று நூலகத்துறையில் எல்லோருக்கும் தெரியும். தாளுக்குத் தீங்கில்லை, மணம் பூச்சியை விலக்கக்கூடும். ஆனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் வெறும் தூள்தான். அதை நான் துணைக்காப்பாகக் கொள்வேனே தவிர, நம்பி உட்கார மாட்டேன். சரசுவதி பூசைக்கு எல்லா நூல்களையும் இறக்கித் துடைக்கும் பழக்கம் எந்த முடிப்பையும்விடப் பயனுள்ளது. தொந்தரவு இல்லாத இடத்தில்தான் பூச்சி குடியேறும். ஆண்டுக்கு ஒருமுறையை இரண்டுமுறையாக்குங்கள். துடைப்பதற்கு உலர்ந்த மென்தூரிகையோ பருத்தித் துணியோ போதும், ஈரத்துணி கூடாது. உச்சிவெயிலில் காயப்போடவும் வேண்டாம், மரக்கூழ்த் தாள் வெயிலில் மேலும் பழுக்கும்.

லேமினேஷனுக்கு வருகிறேன். கடையில் சூடான உருளைக்குள் விட்டு எடுக்கும் பிளாஸ்டிக் உறை தாளோடு உருகி ஒட்டிவிடும், பிறகு பிரிக்க முடியாது. அமிலமும் உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பெரிய நிறுவனங்களே இதில் சூடுபட்டிருக்கின்றன. அமெரிக்காவில் வில்லியம் பேரோ 1930களில் கொண்டுவந்த செல்லுலோஸ் அசிடேட் லேமினேஷனை ஆவணக்காப்பகங்கள் பல பத்தாண்டுகள் நம்பின. இன்று அதைப் பிரித்தெடுப்பதே ஒரு தனி வேலையாகிவிட்டது. இந்தத் தொழிலில் நாங்கள் கற்ற பாடம், திரும்ப நீக்க முடியாத எதையும் நூலுக்குச் செய்யாதே என்பது. செல்லோடேப்பும் அந்த வகைதான். நோட்டீஸ், வரைபடம் போன்ற ஒற்றைத் தாள்களை மட்டும் பாலியெஸ்டர் தாள் இரண்டுக்கு நடுவே ஒட்டாமல் வைத்து, விளிம்பில் சிறிது இடைவெளி விட்டு மூடலாம்.

இதைவிடப் பெரிய சேதத்தை நல்லெண்ணத்தோடு செய்கிறவர்கள் பைண்டர்கள். வழக்கமான நூலக பைண்டிங்கில் மேலட்டையைக் கிழித்தெறிவார்கள், மடிப்புகளைப் பிரிக்காமல் ஓரத்தில் துளையிட்டுக் குறுக்கே தைப்பார்கள், மூன்று பக்கமும் இயந்திரத்தில் வெட்டி ரெக்சின் போடுவார்கள். நொறுங்கும் தாளில் அந்தத் தையலை ஒட்டியே பக்கம் முறியும். பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கமும் உண்டு. செம்பு கலந்த அந்தப் பசை தாள் சிதைவதை ஊக்குவிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 1930களின் ஒரு தமிழ் நாவலின் பின்னட்டையில் பதிப்பாளரின் மற்ற நூல்களின் பட்டியலும் விலையும் ஒரு தைல விளம்பரமும் இருக்கும். பல வேளைகளில் அந்நூலிலேயே வேறெங்கும் கிடைக்காத செய்தி அதுவாகத்தான் இருக்கும். ஆகவே அட்டை கழன்ற நூலை பைண்டிங்குக்கு அனுப்பாதீர்கள். துவைத்துக் கஞ்சி நீக்கிய காடாத் துணியில் பொதிந்து, பருத்தி நாடாவால் கட்டி, அப்படியே படுக்கவைத்து விடுங்கள். ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

இப்படிக் கட்டி வைப்பது தட்டிக்கழிக்கும் வேலை அல்ல. 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியில் ஆர்னோ ஆறு பெருகிப் பிளாரன்ஸ் தேசிய நூலகம் சேற்றில் மூழ்கியபோது, அங்கே போய் மீட்புப் பணியை முறைப்படுத்தியவர்களுள் ஒருவர் பீட்டர் வாட்டர்ஸ். பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாப்புப் பிரிவை நடத்தியபோது, நூல் நூலாக முழுச் சிகிச்சை செய்தால் தொகுப்பு என்றைக்கும் முடியாது என்பதால், முதலில் எல்லாவற்றையும் பெட்டியிட்டு மேலும் கெடாமல் நிறுத்துவது, சிகிச்சையைப் பிறகு தேவைக்கேற்பத் தருவது என்று படிப்படியான முறையை வகுத்தார். காடாத் துணி அதன் ஏழை வீட்டுப் பதிப்பு.

எதை முதலில் பொதிவது என்றால், "மிகப் பழையது முதலில்" என்று தொடங்கிவிடாதீர்கள். உங்களிடம் உள்ள 1880களின் இலக்கியப் பதிப்பு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ கன்னிமாரா பொது நூலகத்திலோ இருக்க நல்ல வாய்ப்புண்டு, தமிழ் மின்னூலகத்தில் படியாகவும் கிடைக்கலாம். ஆனால் உங்கள் ஊர் அச்சகத்தில் அடித்த நாடக நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், குஜிலிக் கடைத்தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகம், வாசகசாலையின் சொந்த ஆண்டறிக்கை, 1938இன் வரவேடு, உறுப்பினர் சந்தாப் பதிவேடு ஆகியவை வேறு எங்கும் இல்லாமலிருக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளுக்கு இன்று இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு, மற்றவர்கள் குப்பை என்று எறிந்த துண்டுத் தாள்களையும் அவர் சேர்த்ததும் ஒரு காரணம். எனவே முதல் ஆறு மாதம் இரண்டு இளைஞர்களை உட்காரவைத்து, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, அச்சகம், நிலை, வேறெங்காவது இருக்கிறதா என்ற ஆறு கட்டங்களோடு ஒரு பட்டியல் எடுங்கள். வேறெங்கும் இல்லாததும் நிலை மோசமானதுமாக ஒரே வரியில் சேர்ந்து வருபவைதாம் உங்கள் முதல் வரிசை. என் ஊகம், 6,000இல் அவை இரண்டு மூன்று நூறைத் தாண்டாது.

ஸ்கேன் செய்வதும் இந்த முதல் வரிசையிலிருந்தே தொடங்கட்டும். முதுகை வெட்டிப் பக்கங்களைத் தனித்தனியாக்கித் தரும் கடைக்குக் கொடுக்காதீர்கள். நூலை முழுக்க விரிக்காமல், மேலிருந்து கேமராவால் எடுப்பவரிடம் கொடுங்கள். நொறுங்கும் நூலைப் பொறுத்தவரை அதுவே அதன் கடைசி வாசிப்பாகவும் இருக்கலாம் என்பதால் 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) குறையாமல், அட்டை, வெற்றுப்பக்கம், விளம்பரம் எல்லாம் சேர்த்து எடுக்க வேண்டும். மூன்று படிகள், அவற்றுள் ஒன்று வேறு ஊரில். இணையத்தில் ஏற்றும் முன் காப்புரிமை பாருங்கள். ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்பது இந்தியச் சட்டம், நாட்டுடைமையாக்கப்பட்டவை விலக்கு.

ஸ்கேன் செய்தபின் எடைக்குப் போடலாமா என்பதற்கு, வேறு நூலகங்களில் நல்ல நிலையில் பல படிகள் உள்ள நூல்களை நீக்கலாம் என்பேன். அதைச் சொல்லத் தயங்கவில்லை, இடமும் ஒரு செல்வம்தான். ஒற்றைப்படியை நீக்கக்கூடாது. கவனிப்பாரற்றுக் கிடந்த 1900ஆம் ஆண்டு நூலை இன்று எடுத்துப் படிக்கிறோம், பத்தாண்டு கவனிக்காமல் மேசை இழுப்பறையில் கிடந்த ஹார்ட் டிஸ்க் அப்படித் திறக்கும் என்பதற்கு உறுதியில்லை. பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதிவிட்டு ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் நம்மிடம் இருந்தது. பெயர்த்தெழுதுவது நின்றபின்னும் ஆற்றில் விடுவது நிற்கவில்லை, போனவை போயின. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன, படி எடுக்கப்படாத சுவடிகளும் அவற்றோடு போயின. ஆகவே மூலமும் வேண்டும், படியும் வேண்டும், இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது.

மழையில் நூல்கள் நனைந்துவிட்டால் உங்களுக்கு 48 மணி நேரம்தான். அதற்குள் பூஞ்சணம் தொடங்கும். வழவழப்பான படத்தாள் நூல்கள் உலரும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று கல்லாக ஒட்டிவிடும் என்பதால் அவற்றை முதலில் எடுத்துப் பக்கங்களுக்கிடையே வெள்ளைத்தாள் செருகுங்கள். மற்றவற்றை விசிறிக் காற்றில் நிறுத்தி உலர்த்துங்கள். கைக்கு மீறினால் மீதியை அந்த டீப் ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம்.

நான்கு கட்டு ஓலைச்சுவடிகளைப் பற்றி இங்கிருந்து அதிகம் சொல்ல மாட்டேன். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவது பல சுவடி நூலகங்களின் வழக்கம்தான், ஆனால் அளவு மிஞ்சினால் ஓலை கறுத்துத் தூசியை இழுக்கும். நொய்ந்த ஓலையில் கைபழகாதவர் பூசினால் விளிம்பு உதிரும். கயிற்றை அவிழ்க்கவும் வேண்டாம், வரிசை கலைந்தால் மீண்டும் சேர்ப்பது பெரும்பாடு. பரணிலிருந்து இறக்கி, துணியில் பொதிந்து, அறையின் உலர்ந்த பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டின் நான்கு புறத்தையும் ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். சுவடிக்கு மேலும் கீழும் வைத்துக் கட்டிய மரச்சட்டத்தின் உட்புறத்தில் புதிய தூள் இருக்கிறதா என்று தெரிந்தால், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு எழுதும்போது என்ன கேட்பது என்று சொல்கிறேன்.